ஆப்லா, ஆப்லே: ஸ்பானிஷ் சப்ஜங்டிவ் பற்றிக் கொஞ்சம் நீளமாக

ஸ்பானிஷ் படிக்கிறவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். நிகழ்காலம் வந்துவிட்டது, கடந்தகாலம் இரண்டு வகையும் ஓரளவு பிடிபட்டுவிட்டது, சப்ஜங்டிவ் என்ற வினை வடிவம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த மொழியில் ஒருவரை வாழ்த்துவது, மரியாதையாக 'உள்ளே வாங்க' என்பது, 'கவலைப்படாதே' என்று தேற்றுவது, 'வந்து சேர்ந்ததும் கூப்பிடு' என்பது எல்லாமே இந்த வடிவத்தை வைத்துத்தான் நடக்கிறது. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் நம் ஸ்பானிஷில் தகவல் இருக்கும், ஆசையும் அக்கறையும் இருக்காது.

அதனால்தான் இந்தப் பதிவு. ஒழுங்காக மாறுகிற வினைகளை, அதாவது ரெகுலர் வினைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நிகழ்கால சப்ஜங்டிவ் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று எழுதுகிறேன். ஸ்பானிஷ் சொற்களை ஒலியை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எச் எழுத்துக்கு அங்கே ஒலி கிடையாது, ஜே எழுத்து ஹ மாதிரி ஒலிக்கும், இரட்டை எல் பெரும்பாலான இடங்களில் ய மாதிரி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் விகுதிகளை முடித்துவிடுவோம், பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆப்லார் என்றால் பேசுவது. 'நான் பேசுகிறேன்' என்பது ஆப்லோ. அந்தக் கடைசி ஓ-வை எடுத்துவிட்டு ஏ போட்டால் ஆப்லே, சப்ஜங்டிவ் தயார். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசையாகச் சொன்னால் ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லேயிஸ், ஆப்லேன். ஏர் என்று முடியும் கொமேர் (சாப்பிடுவது), ஈர் என்று முடியும் விவீர் (வாழ்வது, வசிப்பது) இரண்டும் ஒரே கட்சி, அங்கே ஏ-வுக்குப் பதில் ஆ: கோமா, கோமாஸ், கோமா, கொமாமோஸ், கொமாயிஸ், கோமான், விவா, விவாஸ், விவா, விவாமோஸ், விவாயிஸ், விவான். சாதாரண நிகழ்காலத்தில், அதாவது இண்டிகேட்டிவில், ஆர் வினைக்கு ஆ வரும் (ஆப்லா, பேசுகிறார்), மற்றதுக்கு ஏ வரும் (கோமே, சாப்பிடுகிறார்). சப்ஜங்டிவில் அந்த இரண்டு உயிரெழுத்தும் இடம் மாறிக்கொள்கின்றன. விஷயம் அவ்வளவுதான்.

இந்த இடமாற்றம் ஸ்பானிஷ்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது கிடையாது, லத்தீனிலிருந்து வந்தது. அமாரே, நேசிப்பது, என்ற லத்தீன் வினைக்கு சப்ஜங்டிவ் அமேம், அமேஸ், அமேத். வாழ்வதைக் குறிக்கும் வினைக்கு விவாம், விவாஸ், விவாத். கடைசி மெய்யெழுத்துகள் சில உதிர்ந்துபோய் ஆமே, ஆமேஸ், ஆமே என்றும் விவா, விவாஸ், விவா என்றும் இன்றைக்கு நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த அட்டவணை மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை. ரோமானியர்கள் பேசிய அதே மாற்றத்தை இன்றைக்குத் தெருவில் நடந்துபோகிற ஒருவர் பேசுகிறார் என்பது எவ்வளவு அழகான விஷயம்!

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். 'நான்', 'அவர்' இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், குழப்பம் வரும் இடத்தில் யோ (நான்), எல் (அவன்), எயா (அவள்) போன்ற பிரதிப்பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். மற்றபடி தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடுவது போல அங்கேயும் விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும், பிரதிப்பெயர் வேண்டாம். அடுத்தது அழுத்தம். ஆப்லே என்பதில் முதல் அசையை அழுத்தினால் அது சப்ஜங்டிவ். கடைசி அசையை அழுத்தினால் 'நான் பேசினேன்' என்ற கடந்தகாலம் ஆகிவிடும். எழுத்தில் இதைக் கடைசி எழுத்தின் மேல் போடும் சாய்ந்த குறி காட்டிக்கொடுக்கும், பேச்சில் நம் வாய்தான் காட்ட வேண்டும். தமிழில் அழுத்தம் ஒரு சொல்லின் பொருளை மாற்றுவதில்லை என்பதால் இதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம்.

சப்ஜங்டிவ் என்றால் சந்தேகம், ஆசை, உணர்ச்சி என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் இதையே நம்பிப் போனால் சீக்கிரமே தடுமாற வேண்டியிருக்கும். க்ரேயோ கே விவே அகீ, 'அவர் இங்கே வசிக்கிறார் என்று நினைக்கிறேன்'. நினைக்கிறேன் என்பதிலேயே கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, இருந்தாலும் வருவது சாதாரண விவே. இன்னொரு பக்கம், மே அலேக்ரா கே விவாஸ் அகீ, 'நீ இங்கே வசிப்பது எனக்கு மகிழ்ச்சி'. இதில் துளி சந்தேகமும் இல்லை, நீ இங்கேதான் வசிக்கிறாய், எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் வருவது விவாஸ், சப்ஜங்டிவ். சந்தேகம் என்ற விதி இரண்டு வாக்கியத்திலும் தோற்றுப்போகிறது.

எனக்குப் பிடித்த விளக்கம், பல இலக்கணக்காரர்களும் சொல்லும் விளக்கம், இது: அந்தத் துணை வாக்கியத்தை நீங்கள் ஒரு செய்தியாக முன்வைக்கிறீர்களா, இல்லையா? முன்வைத்தால் இண்டிகேட்டிவ். முன்வைக்காமல் அதை ஆசைப்படவோ, மறுக்கவோ, அதைப்பற்றிக் கருத்துச் சொல்லவோ மட்டும் எடுத்துக்கொண்டால் சப்ஜங்டிவ். 'இங்கே வசிக்கிறார் என்று நினைக்கிறேன்' என்று சொல்கிறவர் 'இங்கே வசிக்கிறார்' என்ற செய்தியை, கொஞ்சம் தயக்கத்தோடுதான் என்றாலும், நம் முன் வைக்கிறார். 'நீ இங்கே வசிப்பது மகிழ்ச்சி' என்கிறவர் நீ இங்கே வசிக்கிறாய் என்று உனக்குச் செய்தி சொல்ல வரவில்லை, அது ஏற்கனவே இருக்கிற விஷயம். அவர் சொல்ல வந்தது தன் மகிழ்ச்சியை.

இதைவிடத் தெளிவாக இந்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு ஜோடி இருக்கிறது. எனக்கு சப்ஜங்டிவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தீஸே கே எஸ்தூதியாஸ் போர் லா நோச்சே. தீஸே கே எஸ்தூதியேஸ் போர் லா நோச்சே. ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். முதல் வாக்கியம், நீ இரவில் படிப்பதாக அவர் சொல்கிறார். இரண்டாவது, உன்னை இரவில் படிக்கச் சொல்கிறார். முதலில் அவர் ஒரு செய்தியைச் சொல்கிறார், இரண்டாவதில் ஒரு கட்டளை இடுகிறார், அந்தப் படிப்பு இன்னும் நடக்கவே இல்லை. தமிழைப் பாருங்கள்: 'படிப்பதாகச் சொல்கிறார்', 'படிக்கச் சொல்கிறார்'. நாமும் 'சொல்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் வினையின் வடிவத்தை மாற்றித்தான் இதே வித்தியாசத்தைக் காட்டுகிறோம். வேறு பல மொழிக்காரர்கள் இங்கே இரண்டு தனித்தனி வினைகளைத் தேடவேண்டியிருக்கும், நமக்கு இது பழகிய ஏற்பாடு.

இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். தமிழில் 'செய' என்ற வாய்பாட்டு எச்சம், அதாவது பேச, சாப்பிட, படிக்க போன்றவை, தனக்கென்று ஒரு எழுவாயை வைத்துக்கொள்ளும். 'நீ சாப்பிட நான் சமைக்கிறேன்' என்றால் சாப்பிடுவது நீ, சமைப்பது நான், ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்பானிஷில் ஆப்லார், கொமேர் என்ற அந்த அடிப்படை வடிவத்துக்கு இப்படிப்பட்ட வாக்கியங்களில் வேறொரு ஆளைச் சேர்க்க முடியாது. ஆள் மாறினால் உடனே கே (நம் 'என்று' மாதிரி வாக்கியங்களை இணைக்கும் சொல்) போட்டு சப்ஜங்டிவ் கொண்டுவர வேண்டும்: கொஸீனோ பாரா கே கோமாஸ். ஆள் ஒன்றே என்றால் கொஸீனோ பாரா கொமேர், நான் சாப்பிடத்தான் நான் சமைக்கிறேன். 'வேண்டும்' என்பதற்கும் இதே கணக்குதான். கியேரோ ஆப்லார், நான் பேச விரும்புகிறேன். கியேரோ கே ஆப்லேஸ், நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன். தமிழிலிருந்து வருகிறவர்கள் 'கியேரோ தூ ஆப்லார்' (தூ என்றால் நீ) என்று சொல்லிவிடுவது இயல்பு, தமிழ் எச்சம் அதை அனுமதிக்கிறதே. ஆகவே ஒரு பழக்கம்: மனசுக்குள் தமிழில் 'பேச', 'படிக்க', 'வர' என்று வந்தால், செய்கிறவர் யார் என்று ஒரு நொடி பாருங்கள். வேறு ஆள் என்றால் கே, அடுத்து சப்ஜங்டிவ்.

'செய்வது' என்ற தொழிற்பெயர் வரும் இடங்களிலும் இதே சாய்வு தெரிகிறது. 'நீ அவரோடு பேசுவது முக்கியம்', எஸ் இம்போர்தாந்தே கே ஆப்லேஸ் கோன் எல். 'அவர்கள் தனியாக வசிப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது', மே ப்ரெயொகூபா கே விவான் ஸோலோஸ். 'அவள் இங்கே வேலை செய்வது விசித்திரம்', எஸ் ராரோ கே த்ரபாஹே அகீ. இது விதி என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், வெறும் சாய்வுதான். 'நீ இங்கே வசிப்பது தெரியும்' என்பதும் தொழிற்பெயர்தான், ஆனால் ஸே கே விவேஸ் அகீ என்று இண்டிகேட்டிவ்தான் வரும், ஏனென்றால் தெரியும் என்று சொல்கிறவர் அந்தச் செய்திக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார். மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்: முன்வைக்கிறீர்களா, இல்லையா?

மறுப்பில் இது பளிச்சென்று தெரியும். க்ரேயோ கே விவே அகீ என்றவர் அதை மறுத்தால் நோ க்ரேயோ கே விவா அகீ, 'இங்கே வசிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை'. செய்தியை முன்வைப்பதை நிறுத்திவிட்டார், விவே போய் விவா வந்துவிட்டது. தமிழில் இரண்டிலும் 'வசிக்கிறார்' மாறாமல் இருக்கிறது பாருங்கள், மொழிபெயர்த்துக்கொண்டே பேசினால் இந்த இடத்தில்தான் வழுக்கும். தூதோ கே, 'எனக்குச் சந்தேகம்', என்பதற்குப் பின்னும் சப்ஜங்டிவ்தான். ஒருவேளை என்று பொருள்படும் கிஸாஸ், தால் வேஸ் இரண்டுக்கும் பின்னால் இரண்டு வடிவமும் வரலாம், பேசுகிறவர் எவ்வளவு நிச்சயமாக உணர்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் அதே பொருளில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் அ லோ மெஹோர் என்பதற்குப் பின்னால் இண்டிகேட்டிவ் மட்டும்தான். இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

'ஆல்' விகுதிக்கும் ஒரு எச்சரிக்கை. 'நீ பேசினால்' என்பதில் நிச்சயம் எதுவும் இல்லை, ஆகவே சப்ஜங்டிவ் வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. ஸி ஆப்லாஸ், இண்டிகேட்டிவ்தான். 'ஸி ஆப்லேஸ்' என்று நிபந்தனையாக யாரும் சொல்வதில்லை. ஸி என்ற சொல்லுக்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்டிவைப் போடாமல் இருப்பது என்று ஒரு முடிவு எடுத்துவிட்டால் பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

அடுத்தது குவாந்தோ, 'எப்போது, போது'. இதில் காலம்தான் முக்கியம். குவாந்தோ யேகாஸ் தார்தே, மே ப்ரெயொகூபோ: நீ தாமதமாக வரும்போதெல்லாம் நான் கவலைப்படுகிறேன். இது வழக்கமாக நடப்பது, நடந்துகொண்டிருப்பது, செய்தி. குவாந்தோ யேகேஸ், யாமாமே: வந்து சேர்ந்ததும் என்னைக் கூப்பிடு. இன்னும் வந்து சேரவில்லை, ஆகவே யேகேஸ். எதிர்காலம் என்பதால் எதிர்கால வடிவத்தைப் போட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும், ஆனால் அது 'எப்போது வருவாய்?' என்று கேள்வி கேட்கும்போது மட்டும்தான். தமிழில் 'வந்ததும்', 'வரும்போதெல்லாம்' என்று நாம் வேறுபடுத்துகிற அதே இடத்தை ஸ்பானிஷ் யேகாஸ், யேகேஸ் என்று வேறுபடுத்துகிறது. அஸ்தா கே (வரைக்கும்), தான் ப்ரோந்தோ கோமோ (உடனே) இரண்டும் இதே மாதிரிதான். ஆனால் ஆந்தேஸ் தே கே, 'முன்பு', மட்டும் எப்போதும் சப்ஜங்டிவ் கேட்கும். ஒன்றுக்கு முன்பு என்று சொல்லும் அந்த நிமிடத்தில் அது இன்னும் நடந்திருக்கவில்லையே. பாரா கே (அதற்காக), ஸின் கே (இல்லாமல்) இரண்டுக்கும் எப்போதும் இதேதான், யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஆட்களைத் தேடும் வாக்கியங்கள் தனி அழகு. 'தமிழ் பேசுகிற ஒருவரைத் தேடுகிறேன்' என்று சொன்னால் தமிழில் இரண்டு பொருள் வரலாம்: ஏற்கனவே தெரிந்த ஒரு ஆள், இங்கேதான் எங்கோ இருக்கிறார், அவரைக் காணோம்; அல்லது யாராக இருந்தாலும் சரி, தமிழ் தெரிந்திருந்தால் போதும். ஸ்பானிஷில் இரண்டையும் கலக்க முடியாது. புஸ்கோ அ உனா பெர்ஸோனா கே ஆப்லா தமில் என்றால் அந்த ஆள் இருக்கிறார். புஸ்கோ உனா பெர்ஸோனா கே ஆப்லே தமில் என்றால் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று தேடுகிறேன். ஆட்களுக்கு முன்னால் போடும் அந்தச் சின்ன 'அ' கூட இரண்டாவதில் காணாமல் போவதைக் கவனியுங்கள். தமிழில் 'யாராவது' என்ற சொல் தானாக வந்து விழும் இடம் என்றால் ஆப்லே போடலாம் என்பது நான் பயன்படுத்தும் சோதனை. 'யாரும் இல்லை' என்றாலும் அப்படியே: நோ ஆய் நாதியே கே ஆப்லே தமில். இல்லாத ஒருவரைப் பற்றி என்ன செய்தியை முன்வைக்க முடியும்?

ஆவுன்கே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவுன்கே த்ரபாஹா மூச்சோ என்றால் 'அவர் நிறைய உழைக்கிறார், ஆனாலும்...' என்று உழைப்பைச் செய்தியாகச் சொல்வது. ஆவுன்கே த்ரபாஹே மூச்சோ என்றால் 'நிறைய உழைத்தாலும் சரி' என்பது போல. அவர் உழைக்கலாம், உழைக்காமலும் இருக்கலாம், அல்லது உழைப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதைப்பற்றி இப்போது பேச்சு இல்லை. இந்த இடம் பழகக் கொஞ்சம் நாளாகும். நிறையக் கேட்கக் கேட்கத்தான் காதில் ஏறும், அவசரப்பட வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு வாழ்த்துகளை விட்டால் மனசு கேட்காது. உண்மையில் யாருக்காவது சப்ஜங்டிவைச் சொல்லித்தர நேர்ந்தால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் இவற்றில் பலவும் ரெகுலர் வினைகள், முதல் வாரத்திலேயே வாயில் வந்துவிடும். தூங்கப்போகிறவரிடம் கே தெஸ்கான்ஸேஸ், நன்றாக ஓய்வெடு. உடம்பு சரியில்லாதவரிடம் கே தே மெஹோரேஸ், சீக்கிரம் குணமாகு. சாப்பிடுகிறவர்களைப் பார்த்து ஸ்பெயினில் கே அப்ரொவேச்சே என்பார்கள். பிறந்தநாளுக்குக் கே கூம்ப்லாஸ் மூச்சோஸ் மாஸ், இன்னும் பல வயது நிறையட்டும். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது கே என் பாஸ் தெஸ்கான்ஸே, அமைதியில் உறங்கட்டும். எல்லாம் கே என்று தொடங்கும், முன்னால் 'விரும்புகிறேன்' என்ற வினை சொல்லாமலே மறைந்திருக்கும். ஓஹலா என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். ஐபீரியத் தீபகற்பத்தில் பேசப்பட்ட அரபியிலிருந்து வந்தது, 'இறைவன் நாடினால்' என்பது மூலப் பொருள். இன்றைக்கு மத நம்பிக்கை இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரும் சொல்கிறார்கள். ஓஹலா யேகேன் ப்ரோந்தோ, அவர்கள் சீக்கிரம் வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும். இதற்குப் பின்னால் சப்ஜங்டிவைத் தவிர வேறு எதுவும் வராது என்பதால், தொடக்கக்காரர்கள் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

விவா என்பதும் இப்படித்தான். செப்டம்பர் 15 இரவு மெக்ஸிகோவில் அதிபர் தன் மாளிகை மாடத்தில் நின்று 'விவா மெஹிகோ' என்று முழங்க, கீழே சதுக்கத்தில் இருக்கும் கூட்டம் 'விவா' என்று திரும்பச் சொல்லும். அந்த விவா வேறொன்றும் இல்லை, விவீர் என்ற ரெகுலர் வினையின் நிகழ்கால சப்ஜங்டிவ். நம் 'வாழ்க' இருக்கிற அதே இடம். நம் இலக்கணம் இதை வியங்கோள் என்கிறது, நன்னூல் அதற்கு க, ய, ர் என்று விகுதி சொல்கிறது, திணை, பால், இடம் எதற்கும் அது மாறாது. 'அவர் வாழ்க', 'அவர்கள் வாழ்க', 'நீ வாழ்க', எல்லாவற்றுக்கும் ஒரே வாழ்க. ஸ்பானிஷில் ஆள் மாறினால் விவா விவான் ஆகும். வித்தியாசம் அது மட்டும்தான், உணர்வு அதே.

கட்டளைகளும் இங்கேதான் சேரும். 'நீ பேசு' என்று நெருக்கமானவரிடம் சொல்ல ஆப்லா போதும், அது சப்ஜங்டிவ் கிடையாது. ஆனால் 'பேசாதே' என்று மாற்றிய உடனே நோ ஆப்லேஸ். கவலைப்படாதே, நோ தே ப்ரெயொகூபேஸ். மரியாதையாக உஸ்தேத் என்று அழைக்கிறவரிடம் உடன்பாடு, எதிர்மறை இரண்டுக்கும் சப்ஜங்டிவ்தான்: ஆப்லே, பேசுங்கள், நோ ஆப்லே, பேசாதீர்கள், பாஸே, உள்ளே வாருங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து பேசுவோம் என்றால் ஆப்லேமோஸ். என்னை, உன்னை என்ற சின்னச் சொற்கள் உடன்பாட்டுக் கட்டளையில் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், எதிர்மறையில் முன்னால் போய் நிற்கும்: ஆப்லேமே, நோ மே ஆப்லே.

ஊருக்கு ஊர் இதில் மாற்றம் உண்டு. ஆப்லேயிஸ், கொமாயிஸ் போன்ற 'நீங்கள்' வடிவங்கள் ஸ்பெயினில்தான் புழக்கம். லத்தீன் அமெரிக்காவில் நெருக்கமானவர்களையும் உஸ்தேதேஸ் என்றே அழைப்பதால் ஆப்லேன், கோமான் போதும். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் தூ-வுக்குப் பதில் வோஸ் என்பார்கள். அங்கே 'பேசாதே' என்பதை நோ ஆப்லேஸ் என்று முதல் அசையை அழுத்தியும் சொல்வார்கள், கடைசி அசையை அழுத்தியும் சொல்வார்கள். எந்த நாட்டு ஆட்களோடு பேசப்போகிறீர்களோ அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மட்டும் வருகிற ஒரு தொல்லை இருக்கிறது. புஸ்கார் (தேடுவது) என்ற வினையில் க ஒலிக்கு ரோமன் எழுத்து சி. அந்த எழுத்துக்குப் பின்னால் ஏ வந்தால் ஒலி ஸ ஆகிவிடும், ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கை வெளியே நீட்டிச் சொல்லும் த ஆகிவிடும். க ஒலியைக் காப்பாற்ற சி-யை எடுத்துவிட்டு கியூ, யூ இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். யெகார் (வந்து சேர்வது) வினையில் ஜி எழுத்துக்குப் பின்னால் ஒரு யூ நுழைகிறது, அதுவும் க ஒலி ஹ ஆகிவிடாமல் இருக்கத்தான். க்ருஸார் (கடப்பது) வினையில் இஸட் போய் சி வருகிறது. இவற்றை ஒழுங்கில்லாத வினைகள் என்று பட்டியலில் சேர்த்துப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. தமிழில் எழுதிப் பாருங்கள், புஸ்கார், புஸ்கே, யெகார், யேகே, க்ருஸார், க்ருஸே. ஒலி கொஞ்சம்கூடக் கெடவில்லை, வினை ஒழுங்காகத்தான் இருக்கிறது, எழுத்துதான் அதற்காக வளைந்துகொடுக்கிறது.

பழகுவதற்கு, அட்டவணையை எழுதி எழுதிப் பார்ப்பதைவிட ஜோடி ஜோடியாக வாக்கியம் எழுதுவதைச் சொல்வேன். தீஸே கே என்று தொடங்கி ஒரே வினையை இரண்டு விதமாக முடியுங்கள், இரண்டுக்கும் தமிழில் என்ன பொருள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த நாள் குவாந்தோ வைத்து, அப்புறம் க்ரேயோ கே, நோ க்ரேயோ கே வைத்து. ரெகுலர் வினைகளிலேயே சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: ஆப்லார், த்ரபாஹார், எஸ்தூதியார், யெகார், கொமேர், லெயேர் (படிப்பது, வாசிப்பது), விவீர், எஸ்க்ரிவீர் (எழுதுவது). கேட்கும்போது இன்னொரு வேலை: யாராவது கே என்று சொன்னதும் அடுத்து வரும் வினையின் உயிரெழுத்தைக் காதில் பிடியுங்கள். இது வேகமான பேச்சில் சட்டென்று கடந்துபோய்விடும் ஒலிதான், ஆனால் எதிர்பார்த்துக் காத்திருந்தால் கேட்கும்.

இந்த வினைகள் கைவந்துவிட்டால், 'நான்' வடிவத்தில் ஓ-வை எடுக்கும் அதே வழி ஒழுங்கில்லாத வினைகளில் பலவற்றுக்கும் அப்படியே செல்லும். தெங்கோ (என்னிடம் இருக்கிறது) தெங்கா ஆகும், ஆகோ (செய்கிறேன்) ஆகா ஆகும், ஸால்கோ (வெளியே போகிறேன்) ஸால்கா ஆகும். ஸேர், எஸ்தார், ஈர், ஆவேர், ஸாவேர், தார் என்ற ஆறு வினைகள் மட்டும் 'நான்' வடிவத்தில் அந்த ஓ இல்லாததால் தனி வழியில் போகின்றன. அவற்றை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.